"நான் இனி யூதர் இல்லை" என்று ஒருவர் விலகிக்கொள்ள முடியுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். லண்டனில் உங்களோடு எட்டு வருடமாக வேலை பார்க்கும் தோழி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 2023 அக்டோபருக்குப் பிறகு அவர் முதலில் ஜெபாலயத்துக்குப் போவதை விட்டார், அடுத்து வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதை விட்டார். காசாவில் நடப்பதைக் கண்டித்து ஊர்வலம் போனதால் அவருடைய அம்மா நான்கு மாதமாக அவரோடு பேசவில்லை. போன வாரம் பாட்டியின் பித்தளை மெழுகுவத்தித் தாங்கிகள் இரண்டையும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, "இதை உன் வீட்டில் வைத்துக்கொள், நான் இனி யூதர் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். "யூதம் என்பது மதமா, இனமா?" என்று தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுவல்ல என்று நினைக்கிறேன். ஒருவர் அப்படி விலகிக்கொள்ள முடியுமா, அந்தத் தாங்கிகளை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்வது சரியா என்பதுதான் கேள்வி. கடைசி வரியில் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பாரம் முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது.

நான் யூதன் அல்லன். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, எபிரேயம் படிக்கப் போய், இருபத்து மூன்று வருடம் ஓர் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடும் யூத சமய வரலாறும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இளம் வயதில் இரண்டு வருடம் எருசலேமில் மாணவனாக இருந்தேன். சட்டம், வரலாறு, பழைய நூல்கள் இவற்றைப் பற்றித் தெம்பாகச் சொல்வேன். உங்கள் தோழியின் மனத்துக்குள் என்ன ஓடுகிறது என்பதில் என் படிப்பு செல்லாது. அந்த இடம் வரும்போது நான் சொல்வதை ஒரு வயதானவனின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். யூத சமயச் சட்டத்துக்கு ஹலாகா என்று பெயர். அதன்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் யூதர், முறைப்படி மதம் மாறி உள்ளே வந்தவரும் யூதர். அமெரிக்காவின் சீர்திருத்தப் பிரிவு 1983இல், யூதராக வளர்க்கப்பட்டால் தந்தை வழியும் போதும் என்று தளர்த்தியது, வைதிகப் பிரிவினர் அதை ஏற்கவில்லை. உள்ளே வர வாசல் உண்டு, வெளியே போக இல்லை. "பாவம் செய்தாலும் அவன் இஸ்ரவேல்தான்" என்று, யூதச் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழந்தொகுப்பான தால்மூதில் ஒரு வரி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பேருரையாசிரியர் ராஷி, மதம் மாறிப் போனவர்களைப் பற்றிய வழக்குகளில் அந்த வரியைத்தான் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டார். இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர் "அப்படியானால் சாதி மாதிரி" என்பார். பாதி தூரம்தான் அந்த ஒப்பு வரும். சாதிக்குள் வெளியாள் நுழைய முடியாது. இங்கே மோவாபியப் பெண் ரூத் நுழைந்தாள், அவள் வம்சத்தில்தான் தாவீது ராஜா பிறந்தார். மாமியாரிடம் ரூத் சொன்ன வார்த்தையின் வரிசையைக் கவனியுங்கள்: "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்." ஜனம் முதலில் வருகிறது, தேவன் பிறகு. உங்கள் தலைப்புக் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

நீதிமன்றங்களில் இந்தக் கதை வேறு விதமாகப் போகும். ஒஸ்வால்ட் ரூஃபைசன் போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் தன் பிறப்பை மறைத்து, ஜெர்மன் ஆக்கிரமிப்பின்கீழ் இயங்கிய போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துக்கொண்டே, மிர் என்ற ஊரில் யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து பல யூதர்கள் தப்பிக்க வழிசெய்தவர். பிறகு ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கராகி, துறவி தானியேல் ஆனார். யூதர் எவரும் வந்து குடியுரிமை கேட்கலாம் என்ற 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர் இஸ்ரேலில் விண்ணப்பித்தார். 1962இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஹலாகாவின்படி அவர் யூதராக இருக்கலாம், ஆனால் நாட்டின் சட்டத்தில் யூதர் என்ற சொல்லுக்கு சாதாரண மக்கள் கொள்ளும் பொருளையே கொள்ள வேண்டும், அந்தப் பொருளில் கத்தோலிக்கத் துறவி அடங்கமாட்டார் என்றது தீர்ப்பு. மதச்சட்டம் இழுத்துப் பிடிக்க, மதச்சார்பற்ற நீதிமன்றம் வெளியே தள்ளிய விசித்திரம். இதற்கு நேர் எதிராக இன்னொருவர். 1948 போரில் காயம்பட்ட நாவலாசிரியர் யோராம் கனியுக், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, குடிமக்கள் பதிவேட்டில் தன் மதத்தை நீக்கச் சொல்லி வழக்குப் போட்டார். 2011இல் டெல் அவிவ் மாவட்ட நீதிமன்றம் சம்மதித்தது. மதம் என்ற கட்டத்தில் "மதம் இல்லை" என்று எழுதினார்கள். இனம் என்ற கட்டத்தில் "யூதர்" அப்படியே இருந்தது. லண்டனில் அப்படி ஒரு பதிவேடுகூடக் கிடையாது. உங்கள் தோழி ராஜினாமா கடிதம் எழுதினால் வாங்கிக்கொள்ள ஆளில்லை. ஜெபாலயச் சந்தாவை நிறுத்தலாம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பத்திகளை அவரிடம் தயவுசெய்து படித்துக் காட்டாதீர்கள். "நீ நினைத்தாலும் போக முடியாது" என்பது சட்டப்படி சரி. இந்த வேளையில் அவர் காதில் அது சிறைக்கதவு சாத்தும் சத்தமாகத்தான் விழும்.

நம்பிக்கை போனதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கடவுளை நம்பாதவர் எப்படி யூதர் என்று சொல்லிக்கொள்வார் என்று வியந்திருக்கிறீர்கள். கிறிஸ்தவமோ இஸ்லாமோ பழகிய நமக்கு இது புதிராகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே விசுவாச அறிக்கைதான் வாசற்படி. யூத மரபில் 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடிஸ் என்ற பேரறிஞர் பதின்மூன்று கொள்கைகளை எழுதிவைத்தார், உண்மைதான். ஆனாலும் அன்றாட வாழ்க்கையை நடத்துவது செயல்தான். சீனாய் மலையடியில் ஜனங்கள் சொன்னதாக யாத்திராகமம் சொல்லும் எபிரேய வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால் "செய்வோம், கேட்போம்" என்று வரும். செய்வது முன்னால் நிற்கிறது. கொங்கண் கரையில் செக்காட்டிப் பிழைத்த பெனே இஸ்ரவேல் சமூகத்தைப் பாருங்கள். பல நூற்றாண்டுகள் மற்ற யூதர்களோடு தொடர்பில்லாமல் கிடந்தவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டமாட்டார்கள், அதனால் அக்கம்பக்கத்தார் அவர்களை "சனிவார் தேலி", அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தார்கள். நூல்கள் கைவிட்டுப் போயின, ஓடாத செக்கு அவர்களை அடையாளம் காட்டியது.

உங்கள் தோழி நிறுத்திவிட்ட அந்த வெள்ளிக்கிழமைச் சடங்கையே எடுத்துக்கொள்வோம். சூரியன் மறைவதற்குப் பதினெட்டு நிமிடம் முன்பு ஏற்றுவது பரவலான வழக்கம். பொதுவாக எந்தக் கடமைக்கும் ஆசிவசனம் முதலில், காரியம் பிறகு. இங்கே ஒரு சிக்கல் வருகிறது. ஆசிவசனம் சொன்ன கணத்தில் ஓய்வுநாள் தொடங்கிவிட்டதாக ஆகும், ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் ஐரோப்பிய மரபுப் பெண்கள் முதலில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசிவசனம் சொல்வார்கள். பிறகு கையை எடுத்து, வெளிச்சத்தை அப்போதுதான் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். சட்டமும் மீறவில்லை, வரிசையும் கெடவில்லை. இந்தச் சின்னக் கள்ளத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையைக் கண்ணில் வைத்திருக்கும் அந்த நேரத்தில் உள்ளே என்ன நினைக்கிறாய் என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. அமெரிக்க யூதர்களிடையே ப்யூ ஆய்வு மையம் 2020இல் நடத்திய கணக்கெடுப்பில், பைபிள் விவரிக்கும் கடவுளை நம்புவதாகச் சொன்னவர்கள் 26 சதவீதம் மட்டுமே. மீதிப் பேரில் எத்தனையோ வீட்டில் வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது.

ஒன்றை நேரில் பார்த்தேன். எருசலேமுக்கு மேற்கே, மலைச்சரிவில், கொச்சியிலிருந்து போன யூதர்கள் குடியேறிய கிராமம் ஒன்று இருக்கிறது. சோற்றுக்கு ஏங்கிப்போய் அங்கே ஒரு வீட்டில் ஒட்டிக்கொண்டேன். வீட்டுக்காரம்மா 1973 போரில் மகனைப் பறிகொடுத்தவர். அவருடைய மலையாளமும் என் தமிழும் எப்படியோ சந்தித்துக்கொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கண்ணாடித் தம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு ஏற்றினார். ஏற்றிவிட்டுச் சும்மா நின்றார். உதடு அசையவில்லை. "ஜெபம் சொல்லவில்லையே" என்று கேட்டுவிட்டேன், இருபத்தாறு வயதுப் புத்தி. "தம்புரானோடு ஞான் மிண்டாறில்லா" என்றார். கடவுளோடு பேசுவதில்லையாம். அப்புறம் எதற்கு விளக்கு என்று கேட்கும் அளவுக்கு நான் மடையனாக இருக்கவில்லை. அவரே கொஞ்சம் கழித்து, பட்டாளத்திலிருந்து மகன் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவான் என்றார். அடுப்படிக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை விளக்கைப் பற்றி நான் எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறேன், இதை மட்டும் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

போர்க்காலத்தில் விசுவாசம் உடைவது யூத மரபுக்குப் புதிதல்ல. அதன் நடுக்கூடத்திலேயே அப்படி உடைந்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். எலிஷா பென் அபூயா, ரோமாபுரிக்கு எதிரான பார் கோக்பா கலகம் நடந்த 2ஆம் நூற்றாண்டின் பெரும் பண்டிதர். கலகம் கி.பி. 132இல் தொடங்கி 135இல் ரத்தத்தில் முடிந்தது. எலிஷா ஏன் விசுவாசத்தை விட்டார் என்பதற்குத் தால்மூத் ஒரு காரணத்தோடு நிற்பதில்லை. ஒரு கதையில், தகப்பன் சொன்னதால் மரமேறிய பையன், தாய்ப்பறவையை விரட்டிவிட்டுக் குஞ்சுகளை எடுக்கிறான். தகப்பனுக்குக் கீழ்ப்படிதல், தாய்ப்பறவையை விட்டுவிடுதல், இரண்டுக்குமே மோசேயின் ஐந்து புத்தகங்களான தோரா நீண்ட ஆயுளை வாக்களித்திருக்கிறது. இறங்கும்போது விழுந்து சாகிறான். இன்னொரு கதையில், ரோமர்களால் கொல்லப்பட்ட ஹுத்ஸ்பித் என்ற அறிஞரின் நாக்கைப் பன்றி இழுத்துப்போவதை எலிஷா பார்க்கிறார். முத்துகளைச் சொன்ன வாய் மண்ணை நக்குவதா என்று கேட்டுவிட்டு வெளியேறுகிறார். இவை நடந்தவையா என்றால், சந்தேகம்தான். பல தலைமுறை கழித்துத் தொகுக்கப்பட்ட கதைகள் இவை, வரலாற்றாசிரியர்கள் எச்சரிக்கையோடுதான் கையாள்வார்கள். ஆனால் இந்தக் கேள்விகளை மரபே தன் நூலுக்குள் எழுதிவைத்துக் காப்பாற்றியது என்பதில் சந்தேகமில்லை.

வெளியேறியவருக்கு "மற்றவன்" என்று பெயர் வைத்தார்கள், தால்மூதில் பல இடங்களில் அந்தப் பெயர்தான். அவருடைய மாணவர் ரபி மேயிர் மட்டும் விடவில்லை. ஓர் ஓய்வுநாளில் எலிஷா வேண்டுமென்றே குதிரையேறிப் போகிறார், மேயிர் பின்னால் நடந்துகொண்டே பாடம் கேட்கிறார். ஓய்வுநாளில் ஊர் எல்லையிலிருந்து இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கக்கூடாது. ஓரிடத்தில் எலிஷா குதிரையை நிறுத்தி, "மேயிர், திரும்பிப் போ. என் குதிரையின் அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன், ஓய்வுநாள் எல்லை இதோடு முடிகிறது" என்கிறார். சட்டத்தை உதறிவிட்ட மனிதர், மாணவனுக்காக அதன் அளவை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார். மேயிர், "நீங்களும் திரும்புங்கள்" என்கிறார். அவர் திரும்பவில்லை. தால்மூதின் இன்னொரு வடிவமான எருசலேம் தால்மூதில் கதை இன்னும் நீள்கிறது. எலிஷா இறந்ததும் வானத்திலிருந்து தீ இறங்கி அவர் கல்லறையை எரிக்கிறது, மேயிர் ஓடிப்போய்த் தன் மேலாடையை அதன்மேல் விரிக்கிறார். ஒவ்வொரு வருடமும் இந்தப் பகுதியை நடத்தி முடித்ததும், இவர்களில் யார் சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். தால்மூத் அந்தத் தீர்ப்பைச் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி நாட்டைப் பற்றி. தமிழ் நமக்குத் தற்செயலாக ஓர் உதவி செய்திருக்கிறது. வேதாகமத்து ஜனத்துக்கு "இஸ்ரவேல்" என்கிறோம், செய்தித்தாளில் வரும் நாட்டுக்கு "இஸ்ரேல்" என்கிறோம். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல், யாக்கோபுக்கு வைத்த பெயரும் அதே சொல்தான். உங்கள் தோழியின் வேதனையில் பாதி அந்த ஒரே சொல்லுக்குள் அடைபட்டிருக்கிறது என்பது என் ஊகம். ஜனமும் நாடும் ஒன்று என்ற எண்ணம் இன்று எவ்வளவு இயல்பாகத் தோன்றினாலும், அது பழையதல்ல. 1897இல் பாசல் நகரில், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் கேட்ட சீயோனிய இயக்கத்தின் முதல் மாநாடு கூடியது. அதே வருடம் வில்னாவில் பண்ட் என்ற யூதத் தொழிலாளர் கட்சி தொடங்கியது, நாம் இருக்கும் இடமே நம் இடம் என்பது அதன் நிலைப்பாடு. இரண்டும் யூதக் குரல்கள்தான். பள்ளிக்கூடத்தில் மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த எட்வின் மாண்டேகு, இந்தியாவுக்கான அமைச்சர், யூதர். பாலஸ்தீனத்தில் யூதத் தாயகம் அமைவதை ஆதரித்து 1917இல் பால்ஃபர் பிரகடனம் தயாரானபோது அரசுக்குள்ளிருந்தே மிகக் கடுமையாக எதிர்த்தவர் அவர்தான். யூதர்களுக்கு வேறொரு தாயகம் என்று அறிவித்தால், பிறந்த நாட்டிலேயே அவர்களை அந்நியர் ஆக்கிவிடுவார்கள் என்பது அவர் பயம். இன்னொரு கோடியில் சத்மர் ஹசிதீம் என்ற தீவிர வைதிகப் பிரிவின் தலைவர் ஜோயல் டைட்டல்பாம், மேசியா வருவதற்கு முன் யூதர்கள் தாங்களாக அரசு அமைப்பதே பாவம் என்று வாதாடினார். எருசலேமில் வாழ்ந்த விஞ்ஞானி யெஷயாகு லெய்போவிட்ஸ் ஒரு கட்டளையையும் விடாத வைதிகர், சீயோனியரும்கூட. 1967 போர் வெற்றிக்குப் பின் ஊரே ஆடிக்கொண்டிருக்க, பிடித்த நிலத்தை வைத்துக்கொண்டால் நாடு உள்ளுக்குள் அழுகும் என்றார். நாட்டைப் புனிதமாக்குவது விக்கிரக வழிபாடு என்றார். 1994இல் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார், தினமும் தொழுதுகொண்டும் இருந்தார்.

இவர்களெல்லாம் சரியென்று நான் சொல்லவரவில்லை. பண்டின் ஆட்களில் பெரும்பாலோர் நாஜிகளின் கையில் மாண்டார்கள் என்பது எந்த வாதத்தின் வாயையும் அடைக்கக்கூடிய உண்மை. நான் சொல்லவருவது சின்ன விஷயம்: பிறப்பு ஒரு முடிச்சு, வழிபாடு ஒரு முடிச்சு, நாடு ஒரு முடிச்சு. போர் மூன்றையும் இழுத்து ஒன்றாக இறுக்கிவிடுகிறது. மூன்றாவதை அவிழ்க்க முடியாமல் உங்கள் தோழி முதல் இரண்டையும் சேர்த்து அறுக்கப்பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்லமாட்டேன். கடவுள் நம்பிக்கையே உண்மையில் போயிருக்கலாம். போருக்கு முன்பே போயிருந்து, போர் ஒரு காரணமாக வாய்த்திருக்கவும் கூடும். அதை அவர் சொன்னால்தான் உண்டு.

அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும். "மூளைச்சலவை" என்று எழுதியிருக்கிறீர்கள். 2023 அக்டோபர் 7 அன்று ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த அம்மாவின் தலைமுறைக்கு அது செய்தியாக வரவில்லை, பெற்றோர் சொல்லி வளர்த்த கதையின் அடுத்த அத்தியாயமாக வந்தது. 2025 அக்டோபரில், யூதர்களின் மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில், மான்செஸ்டரில் ஒரு ஜெபாலயத்தில் நடந்த தாக்குதலில் இரண்டு பேர் இறந்தார்கள், அவருடைய நாட்டிலேயே. மகளின் கண்ணில் நிற்பதும் பொய்யில்லை. காசாவில் இறந்தவர்களின் எண்ணிக்கை 2025 ஜூலையிலேயே அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்குச் சொன்னது. இரண்டு பேரும் பிணங்களைத்தான் எண்ணுகிறார்கள், ஆளுக்கொரு பக்கத்திலிருந்து.

இந்தத் தாய்-மகள் சண்டையை அறுபது வருடம் முன்பே இரண்டு பெரிய அறிஞர்கள் கடிதத்தில் போட்டுவிட்டார்கள். யூதப் படுகொலையில் பங்குகொண்ட நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பற்றி யூதச் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் எழுதியதைப் படித்துவிட்டு, நெடுநாள் நண்பரான கெர்ஷோம் ஷோலெம் 1963இல் எருசலேமிலிருந்து எழுதினார். உங்களிடம் "அஹவத் இஸ்ராயேல்" இல்லையே என்பது குற்றச்சாட்டு. நம் ஜனத்தின் மேல் பாசம் என்று அதற்குப் பொருள். அரெண்ட் மறுக்கவில்லை. எந்த ஜனத்தையும் கூட்டத்தையும் தான் நேசித்ததில்லை, நண்பர்களைத்தான் நேசிக்கத் தெரியும் என்றார். தன் ஜனம் செய்யும் தவறு மற்றவர் செய்யும் தவறைவிடத் தன்னை அதிகம் வருத்துகிறது என்றும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். பாசமே இல்லாதவளுக்கு ஏன் அதிகம் வலிக்க வேண்டும்? ஷோலெம் இதை அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நட்பு அதோடு முறிந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உங்கள் தோழியைத் தேற்றுவதற்காக, யூத மதம் முழுக்கச் சமாதானம்தான், அரசியல்வாதிகள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடாதீர்கள். அவர் படித்தவர், நம்பமாட்டார். இஸ்ரவேலின் பழம்பகைவரான அமலேக்கியரின் ஆண், பெண், பால்குடிக்கும் குழந்தை ஒருவரையும் விடாதே என்று சாமுவேலின் முதல் புத்தகத்தில் சவுலுக்குக் கட்டளை வருகிறது. அமலேக்கு செய்ததை மறவாதே என்ற உபாகமப் பகுதி பூரிம் பண்டிகைக்கு முந்திய ஓய்வுநாளில் ஜெபாலயத்தில் தவறாமல் வாசிக்கப்படுகிறது. 2023 அக்டோபர் இறுதியில் நெதன்யாகு தன் உரையில் எடுத்துக்கொண்டதும் அமலேக்கைத்தான். அவர் ஹமாஸைக் குறித்தார் என்று அவருடைய அலுவலகம் பிறகு விளக்கியது. அசீரிய மன்னன் சனகெரிப் இனங்களையெல்லாம் இடம்பெயர்த்துக் கலந்துவிட்டான், இன்று யார் எந்த இனம் என்று சொல்ல முடியாது என்று, தால்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவில் வேறொரு இனத்தைப் பற்றி ஒரு வாதம் வருகிறது. பிற்கால உரையாசிரியர்கள் அதை அமலேக்குக்கும் நீட்டி, அந்தக் கட்டளையின் பல்லைப் பிடுங்கினார்கள். பிடுங்கினார்கள் என்பது உண்மை, பல் இருந்தது என்பதும் உண்மை.

அதேபோல, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் பஸ்கா விருந்தில் எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டுத் திராட்சரசத்தைக் கிண்ணத்திலிருந்து விரலால் எடுத்துவிடுவார்கள். எகிப்தியர் பட்ட துன்பத்துக்காக நம் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்கிறோம் என்று இன்று அநேகமாக எல்லா வீட்டிலும் விளக்கம் சொல்வார்கள். அழகான விளக்கம், ஆனால் பிற்காலத்தில் பரவியது. பழைய நூல்கள் சொல்லும் காரணம், அந்த வாதைகள் நம்மைத் தொடாமல் போகட்டும் என்பதுதான். அழகாக இருப்பதாலேயே ஒன்றைப் பழையது என்று சொல்லும் ஆசை எனக்கும் உண்டு, வகுப்பில் பல வருடம் தவறாகவே சொல்லிவந்தேன். ஆனால் செங்கடலில் எகிப்தியர் மூழ்கியபோது பாடப்போன தேவதூதர்களைக் கடவுள் அதட்டினார், "என் கைவேலை கடலில் மூழ்குகிறது, நீங்கள் பாடுகிறீர்களா?" என்று கேட்டார் என்ற கதை தால்மூதிலேயே இருக்கிறது. அது பழையதுதான். தோழிக்கு எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் அதைச் சொல்லலாம். அவர் ஏற்கெனவே அறிந்திருப்பார்.

சொல்லாமல் இருப்பது இன்னும் நல்லது. துக்க வீட்டுக்குப் போகிறவர், துக்கப்படுபவர் வாய் திறக்கும்வரை பேசக்கூடாது என்பது யூதச் சட்டம். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்ததிலிருந்து பிறந்த சட்டம் அது. பேச ஆரம்பித்த பிறகுதான் அந்த நண்பர்கள் எல்லாவற்றையும் கெடுத்தார்கள்.

தாங்கிகளை வாங்கிக்கொள்ளலாம். இதை உறுதியாகவே சொல்கிறேன். தோராச் சுருள், வாசல்நிலையில் பதிக்கும் மெசூசா போன்றவை புனிதப் பொருட்கள், பழுதானால்கூட மண்ணில்தான் புதைக்க வேண்டும். கடமையைச் செய்ய உதவும் பாத்திரங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பயன் முடிந்தால் தூக்கிப் போடவும் சட்டம் அனுமதிக்கிறது. மெழுகுவத்தித் தாங்கி இரண்டாவது வகை. யூதரல்லாத ஒருவர் வீட்டில் இருப்பதில் எந்த மீறலும் இல்லை. சட்டம் தூக்கிப் போடவே அனுமதித்தும் அவர் அதைக் குப்பையில் போடவில்லை, விற்கவில்லை, அம்மாவிடம் திருப்பித் தரவில்லை, துண்டில் சுற்றி உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். ஆகையால் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கூடத்தில் அலங்காரமாக வைக்க வேண்டாம். குழியில் பழைய மெழுகு உறைந்திருந்தால் சுரண்டாதீர்கள். அந்தத் துண்டோடு வாங்கி, எந்த அலமாரியில், எந்தத் தட்டில் வைக்கிறீர்கள் என்பதை அவர் பார்க்கும்படி வையுங்கள்.